அறுநூற்று முப்பத்திரண்டரைப் பேர்

எண்ணத் தெரிந்தவனுக்கு வாசிக்கவும் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் அறுபத்தெட்டு வயது வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் முந்நூற்று இருபது பிளாஸ்டிக் கதிரைகளுக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது. அன்றோடு அந்த நம்பிக்கை போயிற்று.

தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் செக்ரோல் கிளாக்கராக இருந்தவன் நான். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று நாள்தோறும் பதிகிற பெரிய புத்தகம்தான் செக்ரோல். ஓய்வு பெற்ற பிறகு பதிவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால், கண்ணில் படுவதை எல்லாம் எண்ணத் தொடங்கினேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நூற்றுப் பதினான்கு படிகள். (மழைக்காலத்தில் நூற்றுப் பதின்மூன்று. ஒன்று மண்ணுக்குள் போய்விடும்.) என் மனைவி லூர்து செபமாலை சொல்லும்போது ஒரு மணியைத் தாண்டிவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லா. எலக்ட்ரோனிக்ஸ் படித்தவள். தன்னோடு படித்த நுவன் என்ற சிங்களப் பையனுடன் சேர்ந்து, தெரணியகலை கடைவீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கம்பெனி நடத்துகிறாள். தொடங்கியபோது கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். இரண்டு பேருமே டைரக்டர்கள். ஆகவே பெருக்குவதற்கு ஆள் இல்லை.

அவர்கள் செய்த கருவிக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. தோட்டத்துப் பெண்கள் அதைப் 'போன் தராசு' என்றார்கள். கொழுந்துச் சாக்கை அதில் தொங்கவிட்டால், எடை எவ்வளவு என்று அந்தப் பெண்ணின் போனுக்கே உடனே செய்தி வரும். தோட்டத்துத் தராசு வேறொன்று சொன்னால் அவள் கையில் ஆதாரம் இருக்கும். எங்கள் பழைய தோட்டத்துத் துரை ஒரு மலையில் மட்டும் அதைப் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்தார். முப்பத்தொரு கொழுந்துக்காரர்கள். தோட்டத்துத் தராசில் ஒரு தரம், போன் தராசில் ஒரு தரம் என்று இரண்டு மாதம் நிறுத்தார்கள்.

கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. கம்பெனிதான் வேலை செய்யவில்லை. ஒரேயொரு தராசை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது? நுவன் கொரியாவுக்கு வேலைக்குப் போகிற பரீட்சையில் பாஸாகி, பெயர் வரும் என்று காத்திருந்தான். ஸ்டெல்லாவுக்குக் கொழும்பில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. வருடக் கடைசிக்குள் வழி ஒன்று பிறக்காவிட்டால் அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

அப்போதுதான் அரசாங்கம் அந்த மானியத்தை அறிவித்தது. மானியம் என்றால் எனக்குத் தெரிந்தது இறப்பர் கன்று நடுவதற்குக் கொடுப்பது. இது 'இணைக்கப்பட்ட சாதனங்களை உருவாக்கும் சிறு தொழில் முயற்சியாளர்களுக்கான மானியம்'. அதாவது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவிகளைச் செய்கிறவர்களுக்கு. (மனிதர்கள் பேசிக்கொள்வதற்கு இதுவரை எந்த அரசாங்கமும் மானியம் கொடுத்ததாகத் தெரியவில்லை.)

விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம். நாற்பதை ஸ்டெல்லாவே ஆங்கிலத்தில் நிரப்பினாள். கடைசி இரண்டு பக்கம் 'சமூகப் பயன்' பற்றிய இணைப்பு. அதைச் சிங்களத்திலோ தமிழிலோ கையால் எழுத வேண்டும். அவள் ஏதோ ஒரு சாமான் வாங்கக் கொழும்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் நான்கு மணியோடு கெடு முடிகிறது.

“அப்பா, இத நீங்க எழுதிடுங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கும். கேட்டத மட்டும் எழுதுங்க. எதையும் கூட்ட வேணாம், கழிக்க வேணாம். நுவன் வந்து வாங்கிட்டுப் போவான்.”

“முப்பத்தெட்டு வருஷம் செக்ரோல் எழுதினவன்கிட்ட சொல்றியா?” என்றேன்.

“அதனாலதான் சொல்றேன்,” என்றாள்.

முதல் கேள்வி இது: 'இச்சாதனத்தினால் மாதமொன்றுக்குப் பயன்பெறுவோர் எத்தனை பேர்?'

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆள் அல்ல. ஒரு நாள் வேலைக்கு வந்து, குறித்த கிலோவை எடுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். “இந்த மாசம் எத்தன பேரு?” என்று ஒருத்தியைக் கேட்டால், “இருபத்தொண்ணரை” என்பாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவளுடைய மாதம் முழுவதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. மாதமொன்றுக்கு எத்தனை பேர் என்று ஒரு செக்ரோல் கிளாக்கரிடம் கேட்டால் அவனுக்கு வேறு பொருள் படவே படாது. அரசாங்கத்துக்கு இவ்வளவு விவரம் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு மரியாதைகூட வந்தது.

உடனே நூற்றுப் பதினான்கு படியிறங்கித் தோட்டத்து ஒபீசுக்குப் போனேன். இப்போதைய கிளாக்கர் என் கையில் தொழில் பழகியவர். செக்ரோலை எடுத்து முன்னால் வைத்தார். முப்பத்தொரு பேரின் கடந்த மாதத்தைக் கூட்டினேன். முழுப்பேர் அறுநூற்றுப் பன்னிரண்டு. அரைப்பேர் நாற்பத்தொன்று. ஆக, 632½. மூன்று தடவை சரிபார்த்து, வீட்டுக்கு வந்து கறுப்பு மையில் எழுதினேன்.

'அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்?' அடுத்த கேள்வி. 570½ என்று எழுதினேன். ஆண்கள் 62. 'மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்?' மலையில் தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்து கால் முறிந்து, சரியாகப் பொருந்தாமல் விந்தி நடக்கிற அந்தோனியம்மா ஒருத்திதான். அவளுக்கு முழுப்பேர் பதினைந்து, அரைப்பேர் ஏழு. 18½ என்று எழுதினேன்.

நுவன் மூன்று மணிக்கு வந்தான். அவனுக்குத் தமிழ் பேச ஓரளவு வரும், வாசிக்க வராது. தாளைப் பார்த்து, “லஸ்ஸனய் அங்கிள்” என்றான். அழகாக இருக்கிறதாம். மூன்று நாற்பதுக்கு அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டான்.

ஏழு வாரம் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. மதிப்பீட்டுக் குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும் என்று தேதி போட்டிருந்தது. கீழே ஒரு வரி: 'அன்றைய தினம் பயனாளிகளில் ஆகக்குறைந்தது பாதிப்பேராவது சமுகமளித்திருத்தல் வேண்டும்.'

நான் அதை நான்கு முறை வாசித்தேன். பாதிப்பேர். நாங்கள் அரைப்பேர் என்பதைக் கொழும்பில் பாதிப்பேர் என்கிறார்கள், படித்தவர்கள் அல்லவா? ஆகக்குறைந்தது என்றால் கிலோவில் ஆகக் குறைந்தவர்கள். எனவே, அரைப்பேர் வாங்குகிற, கிலோ குறைந்த ஆட்களை அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள். நியாயம்தானே? எடை குறைகிறவளுக்குத்தானே தராசு முக்கியம்!

ஸ்டெல்லா அன்று வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். “ஆள் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. நான் பாத்துக்கிறேன்,” என்றேன்.

“எல்லாரையும் கூப்பிடணுமாப்பா?”

“இல்ல. கொஞ்சப் பேருதான். நீ உன் வேலையப் பாரு.”

(என் கல்லறையில் எழுத வாசகம் தேடுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை எடுத்துக்கொள்ளலாம்.)

அந்த நாளும் வந்தது. காலை எட்டரைக்கு நான் பிரட்டுக்களத்துக்குப் போனேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற மைதானம் அது. அங்கே ஒரு லொறியிலிருந்து கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பயனாளிகள் முந்நூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள், உட்கார வையுங்கள் என்று கிராம சேவகருக்கு மேலிடத்திலிருந்து செய்தி வந்ததாம். அவர் சுற்று வட்டாரத்தில் இருந்த மூன்று மரண உதவிச் சங்கங்களிடமும் கதிரைகளை இரவல் வாங்கியிருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் சங்கத்தின் பெயர். ஏதோ அரசாங்கம் தாராளமாகச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் எண்ணத் தொடங்கினேன். முந்நூற்று இருபது.

ஒன்பது மணிக்கு நான் வரச் சொல்லியிருந்த அரைப்பேர்ப் பெண்கள் ஒன்பது பேரும் வந்தார்கள். மலையிலேயே வயது கூடியவர்கள், நடை குறைந்தவர்கள். முன்னால் வந்த அந்தோனியம்மா கதிரைகளைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“கிளாக்கரையா, யாருங்க போனது?”

“யாரும் போகல. உக்காருங்க.”

“துரையாங்க?”

“யாரும் சாகல அந்தோனியம்மா. கொழும்பிலேருந்து வாறாங்க. முன்னுக்கு உக்காருங்க.”

ஒன்பது பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் முந்நூற்றுப் பதினொரு கதிரைகள் வெறுமையாக மலையடிவாரம் வரை போயின. தராசைப் பொருத்திக்கொண்டிருந்த ஸ்டெல்லா அப்போதுதான் நிமிர்ந்தாள். கதிரைகளைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்பா, அந்த லெட்டர் எங்க?”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாசித்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். கத்தவில்லை. கடிதத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

வேன் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். தலைவியாக ஒரு சிங்கள அம்மா, கையில் டெப்லட்டுடன் ஓர் இளம் எஞ்சினியர், தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கிற ஓர் அதிகாரி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பது வாய் திறந்ததும் தெரிந்தது.

“வணக்கம் ஐயா. மற்ற ஆக்கள் எங்க?”

“எந்த மத்தவங்க?”

“அறுநூற்று முப்பத்திரண்டரைப் பேர் எண்டு எழுதியிருக்கிறியள். அதில பாதியெண்டா, முந்நூற்றுப் பதினாறேகால் வரவேணும். நாங்கள் கால் ஆளை விட்டிட்டம். மிச்ச ஆக்கள்?”

அப்போதுதான் என் மண்டைக்குள் ஏதோ நகர்ந்தது. ஆனால் முப்பத்தெட்டு வருட அனுபவம் அதை உடனே அமர்த்தி உட்கார வைத்துவிட்டது. “பாதிப்பேர்தானே கேட்டீங்க?” என்றேன். “இவங்க ஒன்பது பேருதான் பாதிப்பேர். நான் கூட்டின மாசம் விழுந்த நாப்பத்தொரு அரையும் இவங்களுடையது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பைத் திறந்தார். “சரி, முதலில இருந்து வருவம். பெண்கள் ஐந்நூற்று எழுபதரை. ஐயா, ஒபீசில ஒரு கிழமையா இதுதான் கதை. அந்த அரைப் பொம்பிளை ஆர்?”

“ஒருத்தர்னு சொல்ல ஏலாதுங்க. இவங்க எல்லாரும் சேந்துதான் அந்த அரை.”

“மாற்றுத்திறனாளிகள் பதினெட்டரை?”

“அது இவங்க மட்டும்தாங்க.” அந்தோனியம்மாவைக் காட்டினேன்.

அவர் அந்தோனியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அவளும் அவரை அப்படியே பார்த்தாள். தலைவி அம்மா சிங்களத்தில் என்ன என்று கேட்டார். அதிகாரி மொழிபெயர்த்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இளம் எஞ்சினியர் திரும்பி நின்று மலையின் அழகை ரசிக்கத் தொடங்கினார். அவருடைய தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

தலைவி அம்மா சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் பொய் இருந்தால் அங்கேயே நிராகரிக்க வேண்டும் என்பது விதி என்றார். முப்பத்தொரு ஆட்களை அறுநூறு என்று காட்டியிருக்கிறீர்கள் என்றார். நுவன் லெப்டொப்பை மூடினான். ஸ்டெல்லா தராசின் வயரை மெல்லக் கழற்றத் தொடங்கினாள். கொழும்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேசை அவள் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

அப்போது அந்தோனியம்மா எழுந்து, விந்தி விந்தித் தலைவி அம்மாவிடம் போனாள். அவள் சிங்களம் பேசுவது கடைவீதிச் சிங்களம், தங்கு தடை இல்லாமல் வரும். எங்கள் ஐயா பொய் எழுத மாட்டார், அவருக்கு அந்தளவுக்கு மூளை ஓடாது என்று தொடங்கினாள். பிறகு பேர் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினாள். பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுசு, அதற்கு நூறு கிராம் குறைந்தாலும் அரை. காலையில் ஏழு மணிக்கு மலைக்கு வந்தவளும் பின்னேரம் அரை ஆளாகத்தான் வீட்டுக்குப் போவாள்.

தலைவி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். “விண்ணப்பத்தில் உள்ள மாதம் உனக்கு ஏழு அரை விழுந்ததா? இந்தத் தராசில் அந்த ஏழு நாளும் எவ்வளவு?” என்றார்.

நுவனுக்கு உயிர் வந்தது. வயரைத் திரும்பப் பொருத்திவிட்டு லெப்டொப்பைத் திறந்தான். ஏழு நாட்களில் ஐந்து நாள், போன் தராசின்படி அவள் எடுத்தது பதினெட்டுக்கு மேல். பதினெட்டு மூன்று, பதினெட்டு ஆறு என்று வரிசையாக இருந்தது. தோட்டத்துப் புத்தகத்தில் அதே நாட்களில் பதினேழு மூன்று, பதினேழு ஆறு.

“எப்போதும் சரியாக ஒரு கிலோ,” என்றார் எஞ்சினியர். “தராசு பிழை என்றால் இவ்வளவு ஒழுங்காகப் பிழை வராது.”

“சாக்குக் கழிவு,” என்றாள் ஸ்டெல்லா. “எங்க தராசு சாக்கத் தனியா நிறுத்துத்தான் கழிக்கும். தோட்டத்துல ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழிப்பாங்க. நாளைக்கு ரெண்டு நிறுவை. ஆனா சாக்கு அரைக்கிலோதான். இந்த ஒரு கிலோங்கிறது எங்கேருந்து வந்திச்சின்னு யாருக்கும் தெரியல.”

எனக்குத் தெரியும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிழையான கணக்கை வைத்துக்கொண்டு வாய் மூடி நிற்கிற பழக்கம் என்னிடம் இல்லை. (இருந்திருந்தால் இந்த வீட்டில் நிம்மதியாக வாழ்ந்திருப்பேன்.) வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, சாக்குக்கு எவ்வளவு கழிப்பது, நிறுத்துப் பார்த்துச் சொல் என்றார். நிறுத்தேன். அரைக்கிலோ. ஒவ்வொரு வரியிலும் ஓர் அரையைக் கழித்தால் பக்கம் முழுவதும் பின்னமாகிவிடும், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது. ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்று இன்றுவரை இருக்கிறது.

அதைச் சொல்லி முடித்தபோது யாழ்ப்பாணத்து அதிகாரிகூட எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அந்தோனியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை. நீண்ட காலமாகத் தேடிய சாமான் பக்கத்து வீட்டில் கிடந்ததைக் கண்டவள் மாதிரி நின்றாள்.

“அப்ப சாக்குக்கு அரை எழுத உங்களுக்குப் புடிக்கல,” என்றாள். “அத முழுசா எழுதிட்டு, அரைய எங்க பேருல எழுதினீங்க. அப்படித்தாங்களே?”

அப்படித்தான்.

முன்வரிசையில் இருந்த மற்ற எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பு என்று சொல்கிறேன். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

தலைவி அம்மா இரண்டு தரம் நிறுக்கச் சொல்லிப் பார்த்தார். அந்தோனியம்மாவின் போனில் செய்தி விழுந்ததை வாங்கிப் படித்தார். போகும்போது ஸ்டெல்லாவிடம், “உங்கள் விண்ணப்பத்தில் இருந்த நாற்பது பக்கத்தில் இந்தக் கதை இல்லையே, மகள்?” என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு மாதத்தில் மானியம் கிடைத்துவிட்டது. நுவன் கொரியாவுக்குப் போகவில்லை.

தோட்டத்திலும் நீதி நடந்தது. சாக்குக் கழிவை அரைக்கிலோவாக்கினார்கள். அடுத்த மாதமே கொழுந்து கூடுகிற காலம் என்று சொல்லி, பதினெட்டுக் கிலோவைப் பத்தொன்பதாக்கினார்கள். (கணக்குப் பிழையைத் திருத்துவதில் எங்கள் தோட்டங்கள் எப்போதும் வேகம்.) அந்தோனியம்மா அந்தச் செய்தியை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து சொன்னாள். போனையும் என் கையில் கொடுத்தாள்.

“இந்த மாச மெசேஜ் எல்லாத்தையும் கூட்டிக் குடுங்க. தொழிற்சங்கத்துல கொண்டு போய்க் காட்டணும். அரையையும் விடாம எழுதுங்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து பெண்கள் போன்களோடு வருகிறார்கள். பகல் சாப்பாடு வரை கூட்டிக் கொடுக்கிறேன். தேநீர் போட்டுத் தர லூர்து மறுத்துவிட்டாள். இது என் கடனாம், அவளுடையது இல்லையாம்.

மானியம் வந்த பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. இலக்கப் பயனாளிகள் 632½ என்பது கணினியில் ஏறிவிட்டது. முப்பத்தொன்று என்று திருத்தித் தாருங்கள் என்று ஸ்டெல்லா அந்த யாழ்ப்பாணத்து அதிகாரிக்குப் போன் செய்தாள்.

“அது ஏலாது தங்கச்சி. ஏறினது ஏறினதுதான். மாத்திறதெண்டா முதலில இருந்து விண்ணப்பிக்க வேணும். மூண்டு வருசத்துக்குள்ள அந்த இலக்கத்தைக் காட்டுங்கோ.”

காட்டினார்கள். வேறு வழி இல்லை. அடுத்த மலை, பக்கத்துத் தோட்டம், பிறகு பலாங்கொடைப் பக்கம் என்று அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு இருவரும் ஓடினார்கள். இப்போது கம்பெனியில் பதினொரு பேர், பெருக்குவதற்கு ஒருவர் உட்பட. சென்ற மாதம் உண்மையான, மூச்சு விடுகிற மனிதர்கள் அறுநூற்று முப்பத்திரண்டு பேர் ஆகிவிட்டார்கள். மிச்சம் அரை.

காலாண்டு அறிக்கையில் ஒவ்வொரு பயனாளியின் பெயரையும் எழுத வேண்டும். கடைசி வரியில் ஸ்டெல்லா என் பெயரை எழுதினாள். அடைப்புக்குறிக்குள், 'ஞாயிறு அரைநாள் மட்டும்' என்று போட்டாள். நான் ஆட்சேபித்தேன்.

“விதிப்படிதானப்பா,” என்றாள். “அரைநாள் வேலைக்கு அரைப்பேர்.”

அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு அந்த அதிகாரி எங்கள் வீட்டுக்கே போன் எடுத்து விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஆள் குறைந்தால் அவர் விளக்கம் எழுத வேண்டுமாம். நேற்றும் எடுத்தார். லூர்துதான் பேசினாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“அம்மா, அரை சுகமா இருக்கிறாரோ?”

“இருக்காருங்க. பிரஷர் மாத்திரைதான் போட மாட்டேங்கிறாரு.”

“போடச் சொல்லுங்கோ. திட்டம் முடிய இன்னும் பதினாலு மாசம் கிடக்கு.”

பதின்மூன்றரைதான். நான் திருத்தவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.